கோல்ட்பர்க் மல்யுத்தத்துக்கு வருவதற்கு முன் கால்பந்து வீரராக இருந்தாரா?

இருந்தார். ஆனால் நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் வைத்திருப்பவர் மேல் பாய்ந்து சாய்க்கும் அமெரிக்கக் கால்பந்து. ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் தற்காப்பு வரிசையில் ஆடிய பில் கோல்ட்பர்க்கை, தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் 1990 தேர்வில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி மொத்தத்தில் 302-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவர் மேல் யாரும் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை என்பதற்கு இந்த எண்ணே போதும். 1992 முதல் 1994 வரை அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்காக 14 ஆட்டங்கள் ஆடினார். அடிவயிற்றுத் தசை இடுப்பெலும்பிலிருந்து கிழிந்ததும் அந்த வாழ்க்கை முடிந்துபோனது.

மல்யுத்தத்தில் அவரைத் தூக்கி நிறுத்தியதும் அதே கால்பந்துதான் என்பது என் கருத்து. 'ஸ்பியர்' என்று நாம் வாய்பிளந்து பார்த்தோமே, அது மைதானத்தில் எதிராளியின் வயிற்றில் தோளைக் கொடுத்துச் சாய்க்கும் அதே பாய்ச்சல். 1997 செப்டம்பரில் டபிள்யூசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிமுகமானபோது அவருக்கு வேறு அதிகம் தெரியாது. நிறுவனம் அதைச் சாமர்த்தியமாக மறைத்தது: இரண்டு மூன்று நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிட்டுப் போய்விடுவார், பேச்சும் கிடையாது. தோல்வியே இல்லாமல் 173 வெற்றிகள் என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் கணக்கில் கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்திருந்தார்கள் என்பது ரசிகர்களுக்கே அப்போது தெரியும்.

1998 ஜூலை 6 அன்று ஹல்க் ஹோகனை வென்று உலகப் பட்டத்தைப் பிடித்த இடம் அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம். அது அப்போது ஃபால்கன்ஸின் சொந்த மைதானம். பந்தாட்டத்தில் அங்கே யாரும் கவனிக்காத ஒருவரின் பெயரை, அன்று ஏறத்தாழ 40,000 பேர் ஒரே குரலில் கத்தினார்கள். ஆண்டின் இறுதியில் கெவின் நாஷிடம் முதன்முறையாகத் தோற்றார், அதுவும் நாஷின் கூட்டாளி ஸ்காட் ஹால் மின்னதிர்ச்சிக் கருவியை வைத்து அழுத்திய பிறகு.

அவரை அளவுக்கு மீறிப் புகழ மனம் வரவில்லை. இந்தத் தொலைக்காட்சி மல்யுத்தத்தில் முடிவு முன்பே பேசிவைத்ததுதான். எதிராளிக்கு வலிக்காமல் வலிப்பதுபோல் காட்டுவதே அங்கே கலை. 1999 டிசம்பரில் அவர் விட்ட உதை எதிராளி பிரெட் ஹார்ட்டின் தலையில் நிஜமாகவே இறங்கியது. மூளை அதிர்ச்சிக்குள்ளான ஹார்ட் அடுத்த ஆண்டே ஓய்வு பெற நேர்ந்தது. அதே வாரத்தில் கோல்ட்பர்க் கார் கண்ணாடியைக் கையால் குத்தி உடைக்கப்போய், தன் கையையே கிழித்துக்கொண்டார்.

2016-இல், 49 வயதில் திரும்பி வந்து பிராக் லெஸ்னரை 86 நொடிகளில் வீழ்த்தினாரே, ஒரே ஒரு சண்டை பார்க்க நேரமிருந்தால் அதைப் பாருங்கள். 2025 ஜூலையில் அட்லாண்டாவில் குந்தரிடம் தோற்று விடைபெற்றார். அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒளிபரப்பு நேரம் முடிந்து நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.