கேள்வி - பதில்: கையால் வரைந்த ஓவியம் அசைய வேண்டும்

கே: நாதஸ்வரம் பற்றி 40 நிமிட ஆவணப்படம் தயாராகிறது. நடுவில் வரும் ஓவியப் பகுதிகளை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்டும் மென்பொருளில் செய்து, காகித டெக்ஸ்சரும் கோடு நடுங்கும் எஃபெக்ட்டும் போட்டுப் பார்த்தோம். அப்படியும் கம்ப்யூட்டர் வேலையாகத்தான் தெரிகிறது. ஏன்?
- வாசகர், கும்பகோணம்

ப: டெக்ஸ்சரைக் குறை சொல்லாதீர்கள், சிக்கல் அசைவில் இருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மென்பொருள் 25 நிலைகளையும் வழுக்கிக்கொண்டு நிரப்பிவிடும். கையால் வரைகிறவர் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி வைப்பார். ஆகவே மோஷன் ப்ளரை (அசைவை மங்கலாக்கும் வசதி) அணைத்துவிட்டு, ஓவிய லேயர்களைத் தனி காம்ப்பாக்கி (தனித் தொகுப்பாக்கி) அதன்மேல் மட்டும், நொடிக்கு எத்தனை படம் என்பதைக் குறைக்கும் போஸ்டரைஸ் டைம் எஃபெக்ட்டை 12.5 என்று கொடுங்கள். இதையே, தனக்கு அடியில் உள்ள எல்லாவற்றையும் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் போட்டால், அடியில் ஓடும் வித்வானின் வீடியோவும் சேர்ந்து வெட்டி வெட்டி ஓடும்.

கோட்டு நடுக்கத்துக்கு படத்தை நெளிக்கும் டர்புலன்ட் டிஸ்ப்ளேஸ் எஃபெக்ட்டைப் போட்டு, அந்த நெளிவை மாற்றும் எவல்யூஷன் மதிப்பைத் தொடர்ந்து ஓட விட்டால், தண்ணீருக்கடியில் பார்ப்பது போல் கோடு நெளியும். மனிதக் கோடு நெளியாது, ஓவியத்துக்கு ஓவியம் தாவும். எவல்யூஷனில் ஹோல்ட் கீஃபிரேம் (அடுத்த குறி வரை மதிப்பை அப்படியே நிறுத்தி வைக்கும் குறி) வைத்தால் ஓரளவு சரியாகும். ஆனாலும் எங்கள் சிபாரிசு, ஒரே படத்தை மூன்று முறை நிஜமாகவே வரைவதுதான். ஒவ்வொன்றும் 2 ஃபிரேம், ஆக 6 ஃபிரேமில் ஒரு சுற்று. இரண்டே படம் என்றால் கெட்டுப்போன டியூப் லைட் மாதிரி மினுங்கும். 5 நொடிக்கு மேல் நிற்கும் காட்சிக்கு நான்காக வரைந்து 1-3-2-4 என அடுக்குங்கள். மற்றவை எல்லாவற்றையும் முதல் படத்தின் மேல் வைத்தே வரைய வேண்டும். இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதை வரைந்தால் பிசகு சேர்ந்துகொண்டே போய், சுற்று திரும்பும்போது படம் குதிக்கும். நடுக்கம் வாசிப்பவருக்கு மட்டும் போதும். பின்னணித் தூணும் கோபுரமும் அசையாமல் நிற்கட்டும்.

விரல் அசைவைக் கற்பனையில் வரையாதீர்கள். நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. தவறான துளையில் விரல் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். வாசிப்பதைப் படமெடுத்து, ஒன்று விட்டு ஒரு ஃபிரேமாக, ஏ4 தாளைப் படுக்கையாக வைத்துத் தாளுக்கு நான்கு படம் வெளிறிய நீலத்தில் அச்சிட்டு, அதன்மேல் மையால் வரையுங்கள். ஒரு படம் 13 செ.மீ. அகலம் இருந்தால் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஸ்கேனில் 2,000 பிக்சலைத் தாண்டும், எச்டிக்கு அது போதும். தாளுக்கு ஒன்பது படம் என்று மிச்சம் பிடித்தால் கோடு மங்கிவிடும். 10 நொடிக் காட்சிக்கு 125 ஓவியம், 32 தாள். 40 நிமிடப் படத்தில் இப்படி எத்தனை காட்சி முடியும் என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

கே: இசையைக் கேட்டுக் கோடு ஆட வேண்டும் என்று ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆடியோவைக் கீஃபிரேமாக (அசைவை ஓட்டும் மதிப்புகளாக) மாற்றினோம். எல்லாம் தவிலுக்கே ஆடுகிறது, நாதஸ்வரத்துக்கு ஆடவில்லை.
- வாசகர், மதுரை

ப: அந்த வசதி ஒலியின் பலத்தை மட்டும் அளக்கிறது. தவிலின் அடி ஊசி மாதிரி எழும்பி நிற்கும். நாதஸ்வரத்தின் கமகத்தில் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதில்) மாறுவது சுருதி, பலம் அல்ல. தனி மைக்கில் பதிவான டிராக் இருந்தாலும் கமகத்தின் வளைவு அதில் கிடைக்காது. காதால் கேட்டு, ஒவ்வொரு பிடியும் (சிறு இசைத்தொடர்) தொடங்கும் இடம், உச்சம், முடியும் இடம் ஆகிய மூன்றுக்கும் மார்க்கர் போட்டு, ஏற்ற இறக்கத்தைக் கையால் கோடாக வரையுங்கள். தவிலைத் தானியங்கிக்கே விட்டுவிடலாம். மதிப்புகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் துடித்தால் அவற்றைச் சீராக்கும் ஸ்மூத் எக்ஸ்பிரஷன் (சிறு கட்டளை வரி) போடுங்கள்.

தாளத்துக்குக் கணக்கு எளிது: 1,500-ஐ (ஒரு நிமிடத்தின் ஃபிரேம், 25 × 60) நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால் வகுத்தால் ஓர் அடிக்கான ஃபிரேம். 100 அடி என்றால் 15 ஃபிரேம், எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஆவர்த்தனம், 120 ஃபிரேம். ஆனால் கச்சேரிக்காரர்கள் கிளிக் டிராக் (சீரான டிக் ஒலி) கேட்டு வாசிப்பதில்லை. நான்கைந்து ஆவர்த்தனத்தில் காலப்பிரமாணம் (வேகம்) சற்றே நகர்ந்திருக்கும். ஒவ்வொரு சமத்திலும் (ஆவர்த்தனம் தொடங்கும் இடம்) மார்க்கரைச் சரிபாருங்கள். 15 ஒற்றைப்படை எண் என்பதால் இரண்டிரண்டு ஃபிரேமாகப் போகும் ஓவியம் ஒன்று விட்டு ஒரு அடியைத் தவற விடும். அந்த இடத்தில் ஓர் ஓவியத்தை மட்டும் ஒரே ஃபிரேமாகக் குறைத்துவிடுங்கள். கோல் தோலைத் தொடும் படம் ஒலிக்கு ஒரு ஃபிரேம் முந்தி வந்தால் ஒட்டித் தெரியும், ஒரு ஃபிரேம் பிந்தினாலும் தளர்ந்து தெரியும். தாளமில்லாத ஆலாபனையில் ஓவியத்தை 3 ஃபிரேம் நிறுத்திப் பாருங்கள், மூச்சு நீளும்.

கே: பெயர்கள் எழுதப்படுவது போல் வர வேண்டும். தமிழ் எழுத்து உடைகிறது.
- வாசகர், யாழ்ப்பாணம்

ப: எழுத்து எழுத்தாக வரவழைக்கும் டெக்ஸ்ட் அனிமேட்டரை விட்டுவிடுங்கள். ‘கொ’வில் கொம்பும் காலும் வேறு வேறு நேரத்தில் வந்து அசிங்கமாகும். கையெழுத்து ஃபான்ட்டும் உதவாது. ஒரு பெயரில் மூன்று ‘ர’ அச்சாக ஒரே மாதிரி இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிரஷ் பேனாவால் எழுதி, ஸ்கேன் செய்து, எழுதிய வரிசையிலேயே மாஸ்க்கால் (படத்தை மறைத்துத் திறக்கும் வடிவத்தால்) திறவுங்கள். முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால், கடைசியில் புள்ளி. ‘ண’, ‘ஞ’ போன்றவற்றில் சுழிகள் நெருங்கி இருப்பதால் அகன்ற மாஸ்க் அடுத்த சுழியையும் சேர்த்துத் திறந்துவிடும். அவற்றை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துத் தனித்தனி லேயரில் வையுங்கள்.

கே: வரைந்த தாள்களை ஸ்கேன் செய்து ஓட்டினால் வெளிச்சம் மினுங்குகிறது, படமும் நகர்கிறது.
- வாசகர், சென்னை

ப: ஸ்கேனரின் ஆட்டோ எக்ஸ்போஷரையும் ஆட்டோ கிராப்பையும் அணையுங்கள். அவை ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக முடிவெடுக்கும். நான்கு மூலையிலும் பதிவுக்குறி அச்சிட்டு அதை வைத்தே பொருத்துங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்து அலைபோல் எழும்பும், நிழல் விழும். தாள்களைப் பலகைக்கடியில் ஓர் இரவு அழுத்தி வைத்து, ஒரு காட்சி முழுவதையும் ஒரே நாளில் ஸ்கேன் செய்து முடியுங்கள். கேமராவில் எடுப்பதென்றால் ஜன்னலை மூடி, எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் கையால் பூட்டி, ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மற்ற வேகங்கள் பலவற்றில் விளக்கு துடிப்பது படத்தில் பதியும்.