சர்க்கஸ் முதலாளிக்கு என்ன வேலை?

கேள்வி: குடும்பமாகச் சர்க்கஸ் நடத்துகிறவர்களுக்கு என்ன கவலை? மனைவி டிக்கெட் கொடுக்கிறார், மகன் பார் ஆடுகிறான், மருமகள் வளையம் சுற்றுகிறார். சம்பளமே மிச்சம்! முதலாளிக்குக் கல்லாவில் உட்காருவதைத் தவிர வேறு வேலை உண்டா?

பதில்: உண்டு. புது ஊரில் லாரி நின்றதும் அவர் முதலில் பார்ப்பது மைதானத்து மண்ணை. களிமண்ணா, மணலா, பள்ளத்தில் கொட்டி நிரவியதா? ஆட்டக் களத்துக்கு 42 அடி விட்டம் என்பது 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் குதிரை வித்தை காட்டிய பிலிப் ஆஸ்ட்லி காலத்துக் கணக்கு. அதற்கு இடம் கிடைத்துவிடும். மண் சரியில்லை என்றால்தான் வம்பு.

நடுக்கம்பங்கள் கூரையைத் தூக்கி நிறுத்துகின்றன, அவ்வளவுதான். காற்றில் பிய்த்துக்கொண்டு போகாமல் கூடாரத்தை இழுத்துப் பிடிப்பவை சுற்றிலும் அடித்த, சுமார் ஒரு மீட்டர் நீள இரும்பு முளைகள். நேற்று கல்லாக இறுகியிருந்த முளை, ராத்திரி மழைக்குப் பிறகு கையால் அசைத்தாலே ஆடும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஆடுவதன் பின்னால் இன்னொன்றை அடித்து இரண்டையும் பிணைக்க வேண்டும். கூடாரத்தை முளைகளோடு இழுத்துக் கட்டும் இழுபட்டைகளையும் திரும்ப முறுக்க வேண்டும். விட்டுவிட்டால் தளர்ந்த இடத்தில் கூரை தொப்பை போடும், அதில் தண்ணீர் தேங்கும், அந்தப் பாரத்தில் இன்னும் தளரும்.

2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் லங்காஸ்டர் ஊரில் காட்சி நடக்கும்போதே புயல்காற்றில் கூடாரம் சரிந்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை வந்திருந்தது. முளைகளும் சரியாக இல்லை. எந்த வேகக் காற்றுக்கு ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று கூடாரம் தைத்தவர் எழுதியே கொடுப்பார். நிறைந்த அரங்கை எழுப்பி அனுப்பி, காசையும் திருப்பித் தரும் முடிவை எடுக்க வேண்டியவர் முதலாளி. தவணை கட்ட வேண்டிய வாரத்தில் எடுத்துப் பாருங்கள்!

சம்பளம் மிச்சம் என்கிறீர்கள். மகனுக்குத் தோள் பிசகினால் அந்தரத்தில் அவனைப் பிடிக்கிறவரும் சும்மா நிற்க வேண்டியதுதான். கைமாற்றும் நேரக்கணக்குப் புது ஆளுக்குப் படிய மாதக்கணக்காகும். பெரும்பாலும் லாரி ஓட்டுவதும் அதே மகன்தான்.

கடைசிக் காட்சி முடிந்த ராத்திரியே பிரித்தாக வேண்டும். பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் பூசிய கூடாரத் துணி நனைந்தால் எடை ஏறும். சுருட்டியபடி சில நாள் கிடந்தால் பூஞ்சை பிடித்து, கழுவினாலும் போகாத கரும்புள்ளி விழும். அடுத்த ஊரில் வெயில் வந்ததும் விரித்துக் காயவைத்தே தீர வேண்டும், காட்சி ஒரு நாள் தள்ளிப்போனாலும்.