சோறு போட ஆள் இருந்தால் போதுமா?

வணக்கம் ஐயா,

எங்களுக்குச் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். துணைக்கு மணி என்று ஒரு நாட்டு நாய், ஒன்பது வயது. அம்மாவுக்கு மூட்டு வலி அதிகமாகிவிட்டதால் கோவையில் எங்கள் ஃப்ளாட்டுக்கே கூட்டி வந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மணியை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வேளையும் சோறு வைப்பதாகச் சொல்கிறார். "சோறு போட ஆள் இருந்தா போதும், நாய்க்கு எல்லாரும் ஒண்ணுதான், பத்து நாள்ல மறந்துரும்" என்கிறான் தம்பி. அம்மா வாயே திறப்பதில்லை. தம்பி சொல்வது சரியா, நான்தான் தேவையில்லாமல் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனா? உங்களுக்கு நாய்கள் பற்றித் தெரியும் என்பதால் கேட்கிறேன்.

ச., கோவை

அன்புள்ள ச. அவர்களுக்கு,

தம்பி சொல்வது சரியில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல வரவில்லை. ஊரே சொல்வதைத்தான் அவரும் சொல்கிறார். நான் பத்து வயதில் அதே வார்த்தையை என் அப்பா வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. எங்களிடம் கருப்பன் என்று ஒரு நாய். சாமான் ஏற்றிய லாரியில் அண்டாவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கிடந்த இடுக்கில் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்கினார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா சோறு வைப்பதாகச் சொன்னார், வைக்கவும் செய்தார். எட்டு மாதம் கழித்துப் பங்குனிப் பொங்கலுக்குப் போனோம். கருப்பன் எங்கள் பூட்டிய வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தான். பெரியம்மா வீட்டு வாசலில் வைத்தால் சாப்பிட மாட்டானாம். வட்டிலை எடுத்துக்கொண்டு போய் எங்கள் திண்ணையில் வைத்தால்தான் வாய் வைப்பானாம். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

பாய்ந்து வந்து மேலே ஏறுவான் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. மெதுவாக எழுந்து வந்து அப்பாவின் பாதத்தை மோந்தான், அப்புறம் கையை. விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்து நுழைத்து மோந்தான். உடம்பு முழுக்க நடுங்கியது, நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அப்பா அதற்கு முன்னாலும் அழுது நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. திருவிழா முடிந்து கிளம்பியபோது எங்களுக்கு முன்னால் நடந்து பஸ் நிற்கும் வேப்பமரம் வரை வந்தான். தூரத்தில் பஸ் சத்தம் கேட்டதும், நாங்கள் ஏறும்வரை நிற்காமல், திரும்பி ஊருக்குள் போய்விட்டான். அடுத்த பங்குனிக்கு அவன் இல்லை. பெரியம்மா யாரையோ கொண்டு எழுதி அனுப்பிய இன்லண்ட் லெட்டரில் ஒரு வரியில் தகவல் வந்தது.

இது ஒரு நாயின் கதைதானே என்று தம்பி கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் சொல்வதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டுத் தெரு நாய்களை வைத்து. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல வருடங்களாகத் தெரு நாய்களை ஆராய்ந்து வருகிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் சில நாய்களுக்குக் கூடுதலாகத் தீனி கொடுத்தார், சில நாய்களைத் தலையில் தடவிக் கொடுத்தார். நாள்பட நாள்பட எந்த நாய்கள் அவரை அதிகம் நம்பின என்று பார்த்தார்கள். தடவல் கிடைத்த நாய்கள்தான். 2017ல் வெளியான முடிவு இது. எவர் கையையும் நம்பி வளராத, வயிறு காய்ந்தே பழகிய தெரு நாய்களுக்கே இப்படி என்றால், ஒன்பது வருடம் உங்கள் அம்மாவின் காலடியில் படுத்துக் கிடந்த மணிக்கு எப்படி இருக்கும்?

நாயை 'நன்றியுள்ள பிராணி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடக் கட்டுரையின் முதல் வரியே அதுதான். எனக்கு அந்தச் சொல்லில் வெகுநாளாக ஒரு மனக்குறை உண்டு. நன்றி என்றால் வாங்கியதை நினைத்துத் திருப்பிச் செய்வது. நாம் சோறு போட்டோம், அது காவல் காத்தது, கணக்கு நேர். அப்படி நினைத்துக்கொள்வதால்தான் சோறு போடும் பொறுப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டால் நம் பங்கு முடிந்தது என்று தோன்றுகிறது. நாய்க்கு நம்மிடம் இருப்பது நன்றி இல்லை, ஒட்டுதல். சின்னப் பிள்ளைக்குத் தாயிடம் இருக்கிற மாதிரி. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தில் 2015ல் செய்த ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாயும் கைக்குழந்தையும் பார்த்துக்கொள்ளும்போது வேலை செய்யும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் வைத்துப் பார்த்தார்கள். அவற்றிடம் இது நடக்கவில்லை. ஓநாய் வழியில் வந்ததுதான் நாய், ஆனால் நம் முகத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம் நம்மோடு வாழ்ந்து வந்தது.

எத்தனை காலமாக என்று கேட்டால், எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஒரு குட்டி. ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசெல் என்ற இடத்தில், 1914ல் கல் குவாரியில் வேலை செய்தவர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். ஏறக்குறைய 14,000 வருடம் பழையது. அது நாய் எலும்புதான் என்று புரிந்துகொள்ளவே பல பத்து வருடங்கள் ஆயின. 2018ல் அதன் பற்களை நுணுக்கமாகப் பார்த்தபோது, ஏழு மாதக் குட்டி என்றும் டிஸ்டெம்பர் நோய் கண்டிருந்தது என்றும் தெரிந்தது. அந்த நோய் கண்ட குட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியும், வாந்தி, பேதி, வலிப்பு. யாராவது சூடு கொடுத்து, தண்ணீர் புகட்டி, கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால் மூன்று வாரம்கூடத் தாங்கியிருக்காது. இதுவோ பல வாரங்கள் நோயோடு உயிரோடு இருந்திருக்கிறது. வேட்டைக்கு ஆகாது, காவலுக்கு ஆகாது. ஒரு பிரயோஜனமும் இல்லாத குட்டியை, தங்களுக்கே அடுத்த வேளைக்கு உத்தரவாதம் இல்லாத மனிதர்கள் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எலும்புகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம் பக்கத்திலும் ஒரு கல் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல். வீரனுக்குப் பின்னால் ஒரு நாயைச் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். 1,400 வருடம் கழித்து நாம் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிகிறது, பாருங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மணியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒன்பது வயது நாட்டு நாய் ஃப்ளாட்டில் ஒட்டுமா என்று பயமாக இருக்கும். கொஞ்ச நாள் சிரமம்தான். ஊரில் கழுத்துக் கயிறே தெரியாமல் வளர்ந்திருக்கும், அதனால் இப்போதே அம்மாவை விட்டே பட்டையும் கயிறும் மாட்டித் தெருவில் நடத்திப் பழக்குங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். மாநகராட்சியில் பதிவு செய்துவிடுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் யாராவது முகம் சுளித்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் கீழே கூட்டிப்போகும் பொறுப்பு யாருடையது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். அம்மாவின் மூட்டுக்கு அது முழுக்க ஆகாது. மணி மெதுவாக நடக்கும் வயதுதான் என்பதால், வலி குறைந்த நாட்களில் அம்மாவும் கூடப் போகட்டும். பேச்சுத்துணை இல்லாத ஊரில், கூட நாய் இருந்தால் நாலு பேர் தானாக நின்று பேசுவார்கள்.

எவ்வளவு முயன்றும் முடியவில்லை என்றாலும், சோறு மட்டும் வைப்பவரிடம் விடாதீர்கள். மணி தானாகத் தேடிப்போய் அண்டிப் படுக்கிற ஆள் யாராவது ஊரில் இருக்கிறாரா என்று பாருங்கள். பூட்டிய வீட்டு வாசலில் விட்ட நாய் சீக்கிரமே தெரு நாய் ஆகிவிடும். மற்ற நாய்கள் சேர்க்காது, ஊசி போட ஆள் இருக்காது, யாரையாவது கடித்தது என்றால் முதல் பழி அதன் மேல்தான்.

அம்மா வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்த வரி அதுதான். அப்பா போன வீட்டில் இரண்டு வருடமாக ராத்திரியில் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு மணியின் மூச்சு. மகள் வீட்டுக்குப் போகிற இடத்தில் அதையும் கேட்டால் பாரம் என்று நினைப்பார்களோ என்று கூசியிருப்பார். நீங்களே போய்க் கேளுங்கள், தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை ஸ்கேன் எந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பல வாசனைகளை மோக்கவிட்டு மூளையைப் பார்த்தார்கள். நல்லது வரப்போகிறது என்று துடிக்கும் பகுதி அதிகம் விழித்தது, அந்த இடத்திலேயே இல்லாத வீட்டு மனிதர் ஒருவரின் உடம்பு வாசனைக்குத்தான். அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா உடுத்திய சேலை ஒன்றைத் துவைக்காமல் ஒரு பையில் எடுத்து வையுங்கள். ஃப்ளாட்டில் மணி படுக்கப்போகும் மூலையில் முதல் நாளே அதை விரித்துவிடுங்கள். கார் பேசும்போது நாயும் வருகிறது என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின் சீட்டில், அம்மாவின் காலடியில் இடம் போதும்.