தோட்டத்தை ஈடு வைக்கும் முன்: அனிமேஷன் மேற்படிப்பு குறித்துக் கோத்தகிரித் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த பெங்களூருத் தனியார் நிறுவனத்தின் கட்டண விவரத்தையும் படித்தேன். கோயம்புத்தூரில் விஷுவல் கம்யூனிகேஷன் இளநிலைப் பட்டம் முடித்த தங்கள் மகள் அனிமேஷனில் முதுநிலை படிக்க விரும்புகிறார். உறவினர்களோ பி.எட். சேர்த்துவிடச் சொல்கிறார்கள். அந்த நிறுவனம் இரண்டாண்டுக்கு விடுதி, சாப்பாடு நீங்கலாகவே எட்டு லட்சம் கேட்கும் நிலையில், தேயிலைத் தோட்டத்தை ஈடு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மகள் அனிமேஷன் படிக்க வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை; இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

இந்தத் துறையின் தொடக்கநிலை வேலைகள் பெரும்பாலானவற்றுக்கு முதுநிலைப் பட்டம் தேவைப்படுவதில்லை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஸ்டுடியோக்களில் புதிதாகச் சேர்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் ஆகிய பணிகள்தான். அதாவது, படமாக்கிய காட்சியில் நடிகரின் உருவத்தைப் பிரேம் பிரேமாகக் கோடிட்டுப் பிரிப்பது, அவரைத் தாங்கிய கம்பியை அழிப்பது, கேமராவின் அசைவைக் கணினிக்குள் மறுபடி உருவாக்குவது. இவற்றுக்கு ஆள் எடுப்பவர் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஷோரீலை, அதாவது தன் சிறந்த வேலைகளைத் தொகுத்த ஓரிரு நிமிடக் காணொளியைப் பார்க்கிறார். அந்த அளவுக்கான மென்பொருள் பயிற்சிக்கு எட்டு லட்சம் தேவையே இல்லை. ப்ளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்ற லாட்வியா நாட்டுப் படம் அதில்தான் உருவானது. வரைவதற்குக் கிரிட்டாவும் இலவசம்.

மேலும், இந்தப் பணிகளே இன்று ஆட்டம் கண்டுள்ளன. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அங்கிருந்து வரும் வேலையை நம்பியிருந்த நம் ஊர் ஸ்டுடியோக்களும் வேலையின்றித் தவித்தன. 2025 பிப்ரவரியில் திரைப்பட விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான டெக்னிகலர் குழுமம் நொடித்துப்போனபோது, இந்தியாவில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இதற்கிடையில் ரோட்டோ போன்ற வேலையின் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எடுத்துக்கொண்டு வருகின்றன. நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1960-இல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதும், டிஜிட்டல் கேமரா வந்தபின் அதனால் எழவே முடியாமல் போனதும் நாம் அருகிருந்து பார்த்தவை. ஒற்றை மென்பொருளை நம்பி இரண்டாண்டையும் எட்டு லட்சத்தையும் செலவிடுவதை அதனால்தான் நான் ஆதரிப்பதில்லை.

அப்படியானால் முதுநிலைப் படிப்பு எதற்கு? கதையைத் தானே யோசித்து, அதைக் காட்சிக்குக் காட்சி ஸ்டோரிபோர்டாக வரைந்து, பாத்திரங்களையும் பின்னணியையும் வடிவமைத்து, ஒரு குறும்படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் பொறுப்பில் இயக்கிப் பழகுவதற்கு. கருவிகள் மாறினாலும் இந்தத் திறமைக்குத் தேவை இருக்கும். இதைக் கற்றுத்தரும் அரசு நிறுவனங்கள் நாட்டில் சிலவே. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் திரைப்பட வடிவமைப்பில் எம்.டெஸ். எனும் வடிவமைப்பு முதுநிலைப் பட்டம் இரண்டரை ஆண்டுப் படிப்பு. மும்பை ஐஐடியின் ஐடிசி வடிவமைப்புப் பள்ளியில் அதே துறையில் எம்.டெஸ். இரண்டு ஆண்டுகள். கொல்கத்தாவின் சத்யஜித் ரே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் அனிமேஷன் சினிமாவுக்கு மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு உள்ளது. சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் அனிமேஷன் கற்பிக்கிறது. ஆனால் அது இளநிலைப் படிப்பு என்பதால் தங்கள் மகளுக்குப் பொருந்தாது.

மும்பை ஐஐடிக்கான வாசல் சி.இ.இ.டி. என்னும் நுழைவுத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பட்டம் அல்லது டிப்ளமா முடித்த எவரும் எழுதலாம், வயது வரம்பில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் வாக்கில் தொடங்கும். தேர்வு ஜனவரியில் நடக்கும். முதல் பகுதி கணினியில் விடையளிப்பது, இரண்டாம் பகுதி காகிதத்தில் வரைவதும் எழுதுவதும். வினாக்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும். இதில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டாலே இடம் கிடைத்துவிடாது. அடுத்த கட்டத்தில் நிறுவனமே நேர்காணல் நடத்தி, மாணவரின் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் பார்க்கும். அகமதாபாத் நிறுவனத்துக்கு டி.ஏ.டி. என்ற தனித் தேர்வு இரு கட்டமாக நடக்கிறது. அங்கு வயது வரம்பு உண்டு. ஆண்டுதோறும் வரும் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தங்கள் மகள் அனுப்பியிருந்த ஷோரீலையும் பார்த்தேன். கைவேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் அதிலுள்ள வாக் சைக்கிள், அதாவது பாத்திரம் நடக்கும் காட்சி, யூடியூப் பாடங்களில் வருகிற அதே சமதளத்து நடை. நேர்காணல் குழுவினர் அதை ஆண்டுதோறும் பார்த்துச் சலித்திருப்பார்கள். கோத்தகிரியில் சமதளம் எங்கே இருக்கிறது? கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கும் பெண்ணின் முழங்கால் முழுதாக நீள்வதில்லை. பாதம் பக்கவாட்டில் திரும்பிப் பதிகிறது. உடல் முழுவதும் ஆடினாலும் கழுத்து மட்டும் ஆடுவதில்லை. தோட்டத்துக்குள் இறங்கும் காட்டெருமையைப் பாதுகாப்பான தொலைவில், வீட்டு மாடியில் இருந்தபடி கவனிக்கச் சொல்லுங்கள்; முன்னங்கால் எடையைத் தாங்கும் கணத்தில் தோள்பட்டை எலும்பு மேலெழுவது தெரியும். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம். கையால் வரையும்போது பெரும்பாலும் 12 படங்கள் போதும். இந்த இறக்கத்தையும் அந்தத் தோளையும் பன்னிரண்டு படங்களுக்குள் கொண்டுவந்துவிட்டால், பளபளப்பான முப்பரிமாண ரோபோவைவிட அது நேர்காணலில் அதிகம் பேசும். வெள்ளரிக்கொம்பைப் பகுதிப் பாறையோவியங்களையும், இன்றும் குறும்பர் பழங்குடியினர் வரைகிற ஓவியங்களையும் நேரில் பார்த்து, எவ்வளவு குறைந்த கோட்டில் அசைவைக் காட்டியிருக்கிறார்கள் என்று படித்துப் பார்க்கட்டும். அவற்றை நகலெடுத்துத் தன் வேலை என்று காட்டக் கூடாது; அது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

இனி பணம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி நான்கு லட்சம் வரை ஈடு தேவையில்லை. ஏழரை லட்சம் வரையும் சொத்தை ஈடாக வைக்க வேண்டியதில்லை. திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தொடங்கும். 2024-இல் ஒப்புதல் பெற்ற பிஎம்-வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னணியிலுள்ள உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. சி.இ.இ.டி. தகுதி பெற்று, ஏஐசிடிஇ எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அங்கீகரித்த நிறுவனத்தில் முழுநேர எம்.டெஸ். படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கும் திட்டம் இருக்கிறது. நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்தால் தோட்டத்தை ஈடு வைக்கும் தேவையே வராது என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். தங்களிடமாவது பட்டா இருக்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பழைய ஜென்மி உரிமையில் இருந்த ஜென்ம நிலத்தில் பட்டா இல்லாத குடும்பங்கள் என்னிடம் வரும்போது, ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லாமல்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் வழி கிடைக்கிறது.

பெங்களூரு நிறுவனத்தின் தாளில், பட்டம் வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரில் தரப்படும் என்று சிறிய எழுத்தில் உள்ளது. பல்கலைக்கழகங்கள் பிரான்சைஸ் முறையில், அதாவது தனியார் நிறுவனம் நடத்தும் படிப்புக்குத் தம் பெயரில் பட்டம் தருவதை, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏற்பதில்லை. அந்தப் பட்டத்தை நம்பிப் பின்னாளில் கல்லூரி விரிவுரையாளர் பணிக்கு முயன்றால் சிக்கல் வரும். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். மகளின் அசல் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் அங்கே ஒப்படைக்காதீர்கள்.

பி.எட். பற்றி ஒரே வார்த்தை: விருப்பமில்லாமல் சேர்ப்பதில் பயனில்லை, விருப்பம் வந்தால் பின்னரும் சேரலாம்.

ஜனவரித் தேர்வு வரை மகள் வீட்டிலிருந்தே தயாராகட்டும். இடம் கிடைக்காவிட்டால் சென்னை ஸ்டுடியோ ஒன்றில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மறுபடியும் எழுதட்டும். அந்த அனுபவமும் நேர்காணலில் கணக்கில் வரும். இந்த மாத இறுதிக்குள், அவர் ஓவியக் குறிப்பேட்டில் வரைந்த அனைத்தையும், நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்காமல், படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அகமதாபாத்தா, மும்பையா, கொல்கத்தாவா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு பேசுவோம்.