மிஞ்சிய கருவை ஆய்வுக்குக் கொடுப்பது பாவமா?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் கையிலும் ஒரு படிவம் இருக்கிறது போல.

நான் கொழும்பு வெள்ளவத்தை. ஐ.வி.எஃப். மூலம், அதாவது உடலுக்கு வெளியே ஆய்வுகூடத்தில் கருவை உண்டாக்கும் சிகிச்சையால், மகள் பிறந்தாள். மூன்று கருக்கள் மிஞ்சின, உறைய வைத்தார்கள். மிஞ்சினால் என்ன செய்வது என்ற படிவத்தை எப்போது நீட்டினார்கள் தெரியுமா? முட்டை எடுக்கும் அன்று காலை, வெறும் வயிறு, கையில் சேலைன் ஊசி. அதுவும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. தனியார் இடத்துக்கு அது பொருந்தாது என்று சண்டைக்கு வராதீர்கள், தெரியும். ஆனால் கட்டணப் பட்டியலில் மட்டும் தமிழ் இருந்தது!

தாதி பென்சிலால் புள்ளடி போட்ட இடமெல்லாம் கையெழுத்து வைத்தேன். மகளுக்கு இரண்டு வயதானபோது வருடக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தது. அப்போதுதான் பிரதியை வாசித்தேன். 'ஆய்வுக்கு' என்ற பெட்டியிலும் என் சம்மதம்.

மாமி அழுதார். கந்தசஷ்டி பிடித்துக் கிடைத்த பேத்தியின் கூடப்பிறப்புகளாம். ஐந்தாம் நாள் கரு, நூறு இருநூறு கலங்கள்தான் என்றேன். 1984இல் பிரித்தானிய அரசு அமைத்த வார்னக் குழு, ஆய்வுகூடத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்று எல்லை போட்ட கதையையும் சொன்னேன். அந்த நாள்வரை ஒரே கரு பிரிந்து இரட்டையாகலாம், அதனால் அதை 'ஒரு ஆள்' என்று சொல்வது கஷ்டம். 1990இல் அது சட்டமுமானது.

"அப்ப பதினைஞ்சாம் நாள் எத்தினை மணிக்குப் பிள்ளை உயிர் வருது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. விஞ்ஞானிகளே 2021இல் அந்த எல்லையைத் தளர்த்தச் சொல்லிவிட்டார்களே. ஆனால் ஒன்று சொன்னேன்: 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க முன்னர், இந்தச் சிகிச்சையை உருவாக்கிய விஞ்ஞானிகளில் ஒருவரான எட்வர்ட்ஸ் ஆய்வுகூடத்தில் எத்தனையோ கருக்களை உண்டாக்கிப் பார்த்தார், அவையெல்லாம் பிள்ளையாகவில்லை. அது பாவமென்றால் நம் வீட்டில் ஓடித்திரிகிறாளே, அவள்? மாமி பேசவில்லை.

கொடுப்பது பிழை என்று நான் நினைக்கவில்லை. சரியாகக் கேட்காமல் வாங்குவதுதான் பிழை. எல்லா டொக்டர்மாரும் இப்படி என்றும் சொல்லவில்லை. போய்ப் புதுப் படிவம் கேட்டேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கச் சொல்லி, ஒரு மணித்தியாலம் இருந்தோம். மறுபடியும் அதே பெட்டிதான். இந்தத் தடவை பேனையால், நானே.