மார்கழிப் பனியும் மைனஸ் பதினைந்தும்

தம்பி, உம்முடைய கேள்வி கொக்குவிலில் வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. மூன்று கிழமை லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். விடியற்காலையில் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கையால் ஆட்கள் போகிறார்கள். 23 பாகைக்கே அம்மா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு "சரியான பனி" என்கிறார். இந்த விறாந்தையில் இருந்துகொண்டு உறைந்த குழாயைப் பற்றி எழுதச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

கனடாவில், வன்கூவருக்குப் பக்கத்துச் சர்ரேயில், பழைய 20 அடி ட்ரெயிலர் ஒன்று வாங்கியிருக்கிறீர்; காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன வீடு. குளிர்காலம் முழுக்க அது வீட்டு வாசலில்தான் நிற்கப்போகிறது. ரொறன்ரோ மாதிரிக் குளிர் இங்கே இல்லையே, அதன் குழாய்களில் நிற்கும் தண்ணீரை இறக்கத்தான் வேண்டுமா, உள்ளே சின்ன மின் ஹீற்றர் ஒன்றை வைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்.

ரொறன்ரோக்காரருக்கு இந்தச் சந்தேகமே வராது. ஐப்பசியிலேயே வேலையை முடித்துவிடுவார்கள். அகப்படுவது நம்மைப்போல இளங்குளிரில் இருப்பவர்கள்தான். டிசம்பரில் மழையும் 5 பாகையுமாக நாட்கள் போகும், "இவ்வளவுதானா" என்று மனம் சொல்லும். பிறகு ஃபிரேசர் பள்ளத்தாக்கு வழியாக உள்நாட்டுக் குளிர்காற்று இறங்கும். 2021 டிசம்பர் கடைசியில் வன்கூவரில் மைனஸ் 15 வரை போனது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். அதற்கு ஓர் இரவு போதும்.

ஹீற்றர் வைப்பதை மறந்துவிடும். அது கட்டிலையும் கதிரையையும் சூடாக்கும். தரைக்குக் கீழே தொங்கும் குழாய்களுக்கு என்ன செய்யும்? காற்று அடித்து மின்சாரம் போனால் அதுவும் இல்லை.

அந்த வருடம் நானும் உம்மைப்போலத்தான் நினைத்தேன். பெரிய தாங்கியை மட்டும் வெறுமையாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நித்திரை கொண்டேன். மார்ச்சில் தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போட்டால் அது நிற்கவே இல்லை. தரைக்கடியில் கிர்ர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. டோர்ச் லைட்டோடு முழங்காலில் நின்று கழிப்பறைக் கோப்பையின் பின்பக்கம் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் வால்வில் மயிரிழை அளவு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் புகைபோலச் சீறிக்கொண்டிருந்தது. வால்வு சின்னச் சாமான்தான். கோப்பையைக் கழற்றிப் பூட்ட ஒரு முழு ஞாயிறு போனது. ஊறிப்போன பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. புதிய பிளாஸ்டிக் குழாய்கள் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். வெடிப்பவை வால்வும் மூட்டும் பம்பின் தலையும்தான்.

ஊரில் தோட்டத்துப் பம்ப் இழுக்காவிட்டால் குழாயில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவோம். அங்கே அதைத் தலைகீழாகச் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சுடுநீர்க் கலனின் காஸையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, நன்றாக ஆறவிடும். அவசரப்படவேண்டாம், உள்ளே அழுத்தத்தோடு கொதிநீர் நிற்கும். ஆறியபிறகு மேலே உள்ள அழுத்த வால்வைத் திறந்து, அதன்பின் கீழ்மூடியைக் கழற்றும். வெறும் கலனுக்கு மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் சூடாக்கி உடனே எரிந்துவிடும். ஆளியின் மேல் ஒரு கடதாசி ஒட்டிவையும். தாங்கியை வெறுமையாக்கி, வண்டிக்கு அடியில் உள்ள இரண்டு வடிகுழாய்களையும் திறவும். உள்ளே எல்லாக் குழாயையும் திறந்துவைக்கவேண்டும். ரின்பால் பேணியில் இரண்டு துளை போடுவோமே, அதே காரணம்.

இனி மிச்சத் தண்ணீர். நான் இப்போது காற்றடித்துத் தள்ளுகிறேன், சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலுக்கு மேல் போகாமல். பெப்ரவரியில் வெயில் கண்டால் உடனே ட்ரெயிலரோடு கிளம்பலாம் என்பதுதான் அதில் சுகம். ஆனால் உமக்கு முதல் வருடம், வண்டியும் பழையது. எந்தக் குழாய் எங்கே தொய்ந்து தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று தெரியாது. ஆகவே ட்ரெயிலர்களுக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தையே பாவியும். கார் ரேடியேற்றருக்கு ஊற்றுவது நஞ்சு, அதைக் கிட்டவும் கொண்டுபோகவேண்டாம். திரவம் சுடுநீர்க் கலனுக்குள் போகாமல் சுற்றிப்போக விடும் வால்வைத் திருப்பினால் 8 முதல் 12 லீற்றர் போதும். திருப்பாவிட்டால் அந்தக் கலனே 23 லீற்றர் குடித்துவிடும். பம்பை அந்தத் திரவத்திலிருந்து இழுக்கவைத்து, ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு வரும்வரை, சூடு, குளிர் இரண்டையும் திறவும். கழிப்பறையின் மிதியையும் ஒருமுறை மிதித்துத் திரவத்தை ஓடவிடும். எல்லோரும் மறப்பது வெளிப்பக்கத்து ஷவரை. தொட்டிகளின் கீழே வளைந்திருக்கும் குழாய்களில் அதே திரவத்தை ஒவ்வொரு கோப்பை ஊற்றும்.

வசந்தத்தில் நன்றாக அலசி, இங்கே கிணற்றுக்குக் குளோரின் போடுவதுபோல, 60 லீற்றருக்கு 60 மில்லிலீற்றர் மணமில்லாத ப்ளீச் கலந்து, சில மணிநேரம் வைத்துத் திரும்பவும் அலசவேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

சுடுநீர்க் கலனின் கீழ்மூடியைக் கழற்றும்போது கூடவே நீளக் கம்பி வருகிறதா, வெறும் மூடி மட்டும் வருகிறதா என்று எழுதும். கலன் துருப்பிடிக்காமல் தான் கரைந்துகொடுக்கும் கம்பி அது. வந்தால் படம் எடுத்து அனுப்பும். முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது பூட்டவேண்டும். என் கராஜில் ஒன்று கிடக்கிறது, அளவு சரியென்றால் தங்கச்சியிடம் சொல்லி எடுத்துத் தருகிறேன்.