முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் லேஅவுட் ஒரு கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் பெற்றது, மொத்தம் 70 வீடுகள். குடியிருப்போர் நலச்சங்கம் பதிவு செய்து மாதம் 600 ரூபாய் வசூலிக்கிறோம், நான் செயலாளர். 20 வீட்டார் இரண்டு வருடங்களாகப் பணம் தருவதில்லை. ‘நாங்கள் சங்கத்தில் உறுப்பினரே இல்லை’ என்கிறார்கள். ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. பொது செப்டிக் டேங்க்குக்குப் போகும் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. ஊராட்சியில் கேட்டால், ‘அது பிரைவேட் லேஅவுட், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பதில். பணம் தராதவர்களின் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம். பூங்கா இடத்தை லேஅவுட் போட்டவர் விற்கப்போகிறார் என்றும் பேச்சு அடிபடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தண்ணீரில் கை வைக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இந்தத் தீர்மானத்தை இன்றே நிறுத்தி வையுங்கள். வாழும் உரிமையைச் சொல்லும் அரசமைப்புச் சட்டம் 21-ஆம் பிரிவில் குடிநீரும் அடங்கும் என்பது நீதிமன்றங்களின் உறுதியான நிலை. அதோடு, வேண்டுமென்றே சேதம் செய்து மனிதர்களின் குடிநீர் வரத்தைக் குறைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 326-ஆம் பிரிவில் குற்றம். ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. பாக்கி வைத்திருப்பவர் போலீஸுக்குப் போனால், அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அன்றோடு நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

இப்போது உங்கள் சிக்கலின் வேருக்கு வருகிறேன். 20 வீட்டாரோடு மல்லுக்கட்டுகிறீர்கள், ஆனால் ரோடு போடும் கடமை உங்களுடையதா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அப்ரூவல் பெற்ற லேஅவுட் என்றால், சாலைகளையும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையும் லேஅவுட் போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டால் அவை ஊராட்சியின் சொத்து. ‘பிரைவேட் லேஅவுட்’ என்ற பேச்சுக்கே அதன்பின் இடமில்லை. சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர் ஆகியவற்றைச் செய்து தருவது கிராம ஊராட்சியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவே சொல்கிறது. வீட்டு வரியை வாங்கிக்கொண்டு ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவர்கள் கைகழுவ முடியாது.

அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லேஅவுட்டின் சர்வே எண்களுக்கு, அப்ரூவல் ஆண்டுக்குச் சற்று முன்பிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று எடுங்கள். அதில் ‘தானம்’ என்று ஒரு பதிவு, பெறுபவர் இடத்தில் ஊராட்சியின் பெயரோடு இருந்தால் பத்திர எண்ணைக் குறித்துக்கொண்டு சான்றிட்ட நகல் வாங்குங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். தானப் பத்திர நகல், அப்ரூவல் வரைபடம், ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் உங்கள் தெருக்கள் ஏறியிருக்கின்றனவா என்ற விவரம் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கைக்கு வந்ததும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யவும் வையுங்கள். இத்தனைக்கும் அசையவில்லை என்றால், கடமையைச் செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட உங்களிடம் காகிதம் முழுமையாக இருக்கும். வாய்மொழியாகப் பத்து முறை அலைந்ததற்குக் கோர்ட்டில் மதிப்பே கிடையாது.

பூங்கா இடத்துக்கும் அதே பத்திரம்தான் பதில். தானம் கொடுத்துவிட்ட இடத்தை அவர் விற்க முடியாது. பத்திரமே போடாமல் ஏமாற்றியிருந்தாலும், அப்ரூவல் வரைபடத்தில் பூங்கா என்று காட்டி மனைகளை விற்றவர் பிறகு அதை மனையாக மாற்றுவதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 1991-இல் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில், பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததையே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மருத்துவமனைக்கே அந்த நிலை என்றால், விற்பனைக்கு எப்படி இடமிருக்கும்? வரைபட நகலை இணைத்து சார்பதிவாளருக்கு இப்போதே ஆட்சேபணைக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். பத்திரம் பதிவான பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்று கவனித்தீர்களா? பொது போர்வெல் பெரும்பாலும் பூங்கா இடத்தில்தான் இருக்கும். அந்த இடம் ஊராட்சிக்குப் போயிருந்தால், நீங்கள் பூட்ட நினைத்த வால்வே ஊராட்சி நிலத்தில் இருக்கிறது. மோட்டாருக்கான மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். லேஅவுட் போட்டவர் பெயரிலேயே கிடக்கும் இணைப்புகள் ஏராளம். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் மோட்டார் நின்றுபோகும். பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள்.

சரி, 20 வீட்டாரின் பாக்கி. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கத்தில் சேரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் உறுப்பினர் இல்லை என்பதால் எல்லாம் இலவசம் என்றும் ஆகாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவின்படி, ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் சட்டப்படி செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும். மோட்டார் மின்கட்டணம், குப்பை அகற்றுவது, காவலாளி சம்பளம் போன்றவற்றுக்கு இந்த வாதம் பொருந்தும். சங்க ஆண்டு விழாச் செலவுக்குப் பொருந்தாது. ஆகவே 600 ரூபாயை உடைத்துக் காட்டுங்கள். எது எதற்கு எவ்வளவு என்று பில்களோடு ஒரு தாளில் போட்டு அந்த வீடுகளுக்குக் கொடுங்கள். இந்த வழக்குகளில் நான் பார்த்தவரை, பணம் தராதவர்களில் பலருக்குப் பணம் பிரச்சினை அல்ல, கணக்கு காட்டவில்லை என்ற கோபம்தான்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன் சங்கத்தின் காகிதங்களைச் சரிபாருங்கள். ஆண்டுப் பொதுக்குழு கூடியதா, தணிக்கை செய்த கணக்கு மாவட்டப் பதிவாளரிடம் போயிருக்கிறதா? கமிட்டியின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, அதைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறீர்களா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது இதைத்தான். எல்லாம் சரியாக இருந்தால், வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுங்கள். கோர்ட் கட்டணம் இல்லை, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அந்த உத்தரவுக்கு சிவில் கோர்ட் தீர்ப்புக்குள்ள பலம் உண்டு. அங்கே முடியாவிட்டால்தான் வசூல் வழக்கு. பாக்கி நிலுவையான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம் போய்விட்டது, தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பெயர்ப் பட்டியல் போட்டு அவமானப்படுத்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அவதூறு வழக்கு உங்கள் மீது திரும்பும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குழாய் அடைப்பை எப்படி எடுக்கிறீர்கள்? யாரையாவது கூலிக்குக் கூப்பிட்டு உள்ளே இறக்குகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்க்குக்குள்ளோ மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம். ‘அவராகத்தான் இறங்கினார்’ என்று சொல்லித் தப்ப முடியாது. வேலைக்கு அழைத்தவர் என்ற முறையில் செயலாளரான உங்களைத்தான் முதலில் தேடி வருவார்கள். உள்ளே இறங்கிய சில நிமிடத்தில் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும், காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போவது வழக்கமாக நடக்கிறது. இப்படிப்பட்ட மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை மட்டும் கூப்பிடுங்கள். இயந்திரம்தான் வேலை செய்ய வேண்டும், ஆள் இறங்கக் கூடாது என்பதை அந்த ஒப்பந்தத்தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை நடக்கும்போது கமிட்டியிலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.